அய்யாவு பார்த்த படகுப் படம்

அய்யாவு இறந்துபோன செய்தி மகள் வீணாவுக்கு வந்து சேர்ந்தபோது மத்தியானம் மூன்றே கால். பெல்லந்தூர் ஆபீஸில், கண்ணாடி அறைக்குள், அடுத்த வாரம் வெளியிட வேண்டிய ஒரு மென்பொருளில் இன்னும் என்னென்ன பிழைகள் பாக்கி என்று அவள் குழுவினருக்கு வாசித்துக்கொண்டிருந்தாள். மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்த கைப்பேசி விடாமல் அதிர்ந்தது. அப்பாதுரை. பொம்மசந்திரா கம்பெனியில் அப்பாவோடு ஒரே ஷிப்டில் கிடந்தவர். எப்போதும் ஒரு ரிங் விட்டு வைத்துவிடுகிற மனிதர், அன்று வைக்கவில்லை. வெளியே வந்து எடுத்தாள்.

"வீட்டுக்கு வாம்மா" என்றார்.

"அப்பாவா, அம்மாவா?"

"சாப்பிட்டுப் படுத்தாரு. டீக்கு எழுப்பப் போயிருக்கு அம்மா." கண்ணாடி அறைக்குத் திரும்பி, பாதியில் விட்ட வரியை வாசித்து முடித்து, அப்பா போய்விட்டார், நான் கிளம்புகிறேன் என்று சொன்னாள். எதற்காக அந்த வரியை வாசித்து முடித்தாள் என்பது அவளுக்குப் பிறகும் விளங்கவில்லை.

ஈஜிபுராவில் அவர்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையிலேயே இறங்கி நடந்தாள். அதற்குள் ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாக விரித்திருந்தார்கள். யார் ஏற்பாடு செய்தார்கள் என்று தெரியவில்லை. செத்த வீட்டில் சொல்கிற பேச்சுகள்தான் அங்கேயும் நடந்தன: நல்ல மனுஷன், ஒரு ஆஸ்பத்திரி பார்க்கவில்லை, கொடுத்து வைத்தவர். சொந்தக்காரப் பையன் ஒருவனிடம் அப்பாதுரை மட்டும் வேறு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க ஷிப்டுலயே இங்கிலீஷ் படம் பாக்கற ஆளு இவரு ஒருத்தருதான்."

"மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

"தெரியாது. மக சொல்லும், இவரு கேப்பாரு."

வீணா அதைக் கேட்டபடி உள்ளே போனாள். அழுகை அப்போதுதான் வந்தது.

அய்யாவு திருவண்ணாமலைப் பக்கத்து ஆள். கல்யாணத்துக்கு முன்பே பெங்களூர் வந்து, பொம்மசந்திராவில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் சேர்ந்தார். சில வருடங்களில் அவரைக் கடைசிப் பரிசோதனை மேஜைக்கு மாற்றினார்கள். முடிந்து வரும் பீஸ்களை ஒவ்வொன்றாக, அளவு சரிபார்க்கும் கேஜில் வைத்துப் பார்க்க வேண்டும். சரியாக உட்கார்ந்தால் பச்சைப் பெட்டி. உட்காராவிட்டால் சிவப்புச் சீட்டுக் கட்டி சிவப்புப் பெட்டி. அவர் சிவப்புச் சீட்டுக் கட்டியதை சூப்பர்வைசர் அவசரத்துக்குத் தூக்கிப் பச்சையில் போட்டுவிட்டால், சாப்பாட்டு வேளை முழுக்க அதையே பேசிக்கொண்டிருப்பார். கோபமாகப் பேச மாட்டார். தப்பென்றால் தப்பென்று ஒருவன் சொல்லிவிட வேண்டும், பிறகு அவரவர் இஷ்டம் என்பது அவர் கட்சி.

கம்பெனி வாசலோடு நின்றுவிடுகிற குணம் இல்லை அது. ரேஷன் கடைத் தராசு, பி.எம்.டி.சி. கண்டக்டர் கிழிக்கும் சீட்டு, பக்கத்துச் சந்தில் புதிதாகப் போட்ட சாக்கடை மூடி என்று எதைப் பார்த்தாலும் உரியவரைத் தேடிப் போய், தமிழும் கன்னடமும் கலந்து, பணிவாகச் சொல்லிவிட்டு வருவார். "இந்த ஆளோட ஒரு எடத்துக்குப் போயிட்டு நேரா வீட்டுக்கு வந்ததா சரித்திரமே இல்ல" என்பாள் அவர் மனைவி முத்தம்மா.

அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு சரக்கைப் பரிசோதிக்க வழி தெரியாமல் இருந்தது. அது மகளின் இங்கிலீஷ். வீணாவை ஆங்கிலப் பள்ளியில் சேர்த்தபோது முத்தம்மாவின் அண்ணன் வீட்டுக்கே வந்து சிரித்துவிட்டுப் போயிருந்தார். பொட்டப்புள்ளைக்கு எதற்கு அந்தப் படிப்பு, நாளைக்கு அப்பனையே மதிக்காது என்று. பரீட்சை மார்க்கை அய்யாவு வாசித்துவிடுவார். ஆனால் மார்க் என்பது வேறு யாரோ அளந்து எழுதியது. தானே அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

வீணா நான்காம் வகுப்பு படிக்கையில், கன்டோன்மென்ட் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஒரு இங்கிலீஷ் பட போஸ்டரைப் பார்த்தார். மூடுபனிக்கு நடுவே ஒரு படகு. அதில் கையில் லாந்தரோடு மகள் வயசுப் பெண் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமையே வீணாவைக் கூட்டிக்கொண்டு போனார். படம் பார்க்கப் போகிறோம் என்று அவள் துள்ளிக்கொண்டு போனாள். கேஜில் வைக்கப்படப் போகிறோம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

விளக்கு அணைந்து, முதல் பேச்சு வந்ததும் அய்யாவு காதை அவள் பக்கம் சாய்த்தார்.

"இன்னா சொல்றா பாப்பா?"

பள்ளிக்கூட டீச்சரின் இங்கிலீஷ் வீணாவுக்குப் புரியும். இது அந்த இங்கிலீஷே இல்லை. ஓடுகிற தண்ணீர்போல வந்து போய்க்கொண்டிருந்தது. நடுவில் எப்போதாவது ஒரு வார்த்தை கல்போலத் தட்டுப்பட்டது: ரிவர், நைட், கம். அந்த மூன்று கல்லின்மேல் கால் வைத்து அவள் தாண்ட ஆரம்பித்தாள். அந்தப் பெண்ணின் பெயர் ஆரின், அவளுக்கு அம்மா இல்லை, அக்கரைக்குப் போகணுமாம், அங்கே பகலே கிடையாதாம், பேய்தான் உண்டாம் என்று நிறுத்தாமல் காதுக்குள் சொன்னாள். பின்வரிசையில் யாரோ உஸ் என்றார்கள். அய்யாவு திரும்பி, குழந்தை கதை சொல்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கன்னடத்தில் கேட்டுக்கொண்டார். குரலில் மன்னிப்பைவிடப் பெருமைதான் தூக்கலாக இருந்தது.

பிறகு படகுக்காரர் வந்தார். நரைத்த தாடி, பெரிய கைகள், அதிகம் பேச்சில்லை. பேசினாலும் தொண்டைக்குள்ளேயே உறுமிக்கொண்டார். ஆரின் தூங்கும்போது போர்வையை இழுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"யாரு இந்தாளு?" என்றார் அய்யாவு.

அதற்கு வீணாவின் கையில் ஒரு கல்லும் இல்லை. தாடிக்காரர் நிற்கிற நிற்பை மட்டும் பார்த்தாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அப்பா அப்படித்தான் நிற்பார், தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு அவள் பார்த்திருக்கிறாள்.

"அவருதான் அவளோட அப்பா. ஆனா சொல்ல மாட்டாரு. சொன்னா ஆறு வத்திப் போயிடும். சாபம்."

அதன்பிறகு படம் முடியும்வரை அய்யாவு அந்தத் தாடிக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "பாவம் அந்தாளு" என்றார். மறுநாள் கம்பெனி முழுக்க விஷயம் பரவிவிட்டது. அய்யாவு மகள் ஒன்பது வயதில் முழு இங்கிலீஷ் படத்தை மூச்சு விடாமல் தமிழில் சொல்லிவிட்டாள். முத்தம்மாவின் அண்ணனுக்கும் சேதி போயிற்று. அவர் அதற்குப் பிறகு படிப்பைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

அந்தப் படத்துக்கு ஆங்கிலத்தில் நீளமான ஒரு பெயர் உண்டு. வீட்டில் அது படகுப் படம். இரண்டு வருடத்துக்கொரு தரம் அடுத்தது வந்தது. வந்த முதல் ஞாயிறு அப்பாவும் மகளும் கிளம்பிவிடுவார்கள். இடையில் இருந்த நாட்களில் வீணா அந்தப் படத்துக்குள்ளேயே குடியிருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடப் பையில் ஆரினின் லாந்தர் அச்சிட்டிருந்தது. குடிதண்ணீர் வண்டிக்காகக் காத்திருக்கும் காலி டிரம்மைப் படுக்கப் போட்டு, அதில் உட்கார்ந்து துடைப்பத்தால் துடுப்புப் போடுவாள். எஸ்.எஸ்.எல்.சி. முடியும்வரை அவள் உலகத்தில் அதைவிடப் பெரிய விஷயம் இருந்ததில்லை.

பெரிய சிக்கலும் அதற்குள்தான் இருந்தது. மூன்றாவது படம் வரும்போது அவளுக்கு இங்கிலீஷ் முழுசாகப் புரிய ஆரம்பித்திருந்தது. அதில் ஒரு மண்டபத்துச் சுவரில் மாட்டியிருக்கும் ராஜாவின் படத்தைக் காட்டி, இதுதான் உன் அப்பா, பனிச்சிறையில் இருக்கிறார் என்று ஆரினிடம் யாரோ தெளிவாகச் சொல்கிறார்கள். படகுக்காரர் வெறும் படகுக்காரர். கூலிக்குத் துடுப்புப் போடுகிறவர். பக்கத்தில் அப்பாவின் காது காத்திருந்தது.

"யாரு படம் அது?"

"அவளோட சித்தப்பா" என்றாள் வீணா.

அன்றிலிருந்து அவள் ஒரே திரையில் இரண்டு படம் பார்க்க வேண்டியதாயிற்று. ஒன்று எல்லோருக்கும் ஓடுவது. இன்னொன்று அப்பாவுக்கு ஓடுவது. அதில் ராஜா சித்தப்பா, படகுக்காரர் அப்பா, அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல முடியாதபடி சாபம் ஒன்று காவல் காக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடங்களில் சமயோசிதமாக எதையாவது சேர்த்துச் சமாளித்தாள். அய்யாவுக்கு எப்போதும் படகுக்காரர்மேல்தான் கண். சண்டை எல்லாம் ஓய்ந்து அந்த மனிதர் ஓரமாக நின்று ஆரினைப் பார்க்கும்போது, அவர் மூக்கை உறிஞ்சுவது இருட்டில் கேட்கும்.

ஐந்தாவது படம் வந்தபோது வீணா காலேஜில் இருந்தாள். வகுப்பில் பாதிப்பேர் இந்தப் படங்களோடு வளர்ந்தவர்கள். வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கே கோரமங்களா மாலுக்குக் கிளம்பினார்கள், இவளும் போனாள். பாதிப் படத்தில், பிரேசர் டவுனிலிருந்து வரும் ஆஞ்சலா அவள் தோளில் சாய்ந்து, "ஏய், இதப் பாத்தா நாம அழுதோம்? அந்தப் பேய் பஞ்சு மிட்டாய் மாதிரி இருக்குது" என்றாள். வரிசை முழுக்கச் சிரித்தது. வீணாவும் சிரித்தாள். சிரித்த பிறகு பார்த்தால், மெய்யாகவே அது பஞ்சு மிட்டாய்தான். ஆற்றின் தண்ணீர் தண்ணீராக இல்லை. எல்லோரும் ஒரே வசனத்தையே திருப்பித் திருப்பிப் பேசினார்கள். ஒரு பெரிய வீடு, பக்கத்தில் போய்த் தட்டிப் பார்த்தால் அட்டை என்று தெரிவதுபோல இருந்தது. வருத்தமாகக்கூட இல்லை. அதுதான் விசித்திரம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு மறுபடி போனாள். சொன்னாள். ஆனால் சொல்வது சுருங்கிவிட்டது. சண்டை போடறாங்க. ஏதோ பேசறாங்க. அதே ஆளுதான். ஆறாவது படத்தில் இன்னும் மோசம். இடைவேளையில் வெளியே நின்று தண்ணீர் குடித்துக்கொண்டே அய்யாவு சொன்னார்.

"முன்னல்லாம் நீ நல்லா சொல்லுவ பாப்பா."

"டயர்டா இருக்குதுப்பா."

"ஆமா, இருக்கும்" என்று அவர் ஒத்துக்கொண்டார். அந்த ஒத்துக்கொள்ளல்தான் அவளுக்கு வலித்தது.

அதற்குப் பிறகு நீண்ட இடைவெளி. ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்த வருடங்கள் வந்து போயின. அய்யாவு ரிட்டயர் ஆனார். வீணா வேலைக்குச் சேர்ந்தாள். பிழை கண்டுபிடித்து எழுதுகிற வேலை. அவள் என்ன செய்கிறாள் என்று அப்பாவுக்கு விளக்க அதிக நேரம் ஆகவில்லை. "செகப்புச் சீட்டுக் கட்டற வேலை" என்று அவரே முடித்துவிட்டார். கடைசிப் படகுப் படம் வரப்போகிறது, இத்தோடு கதை முடிகிறது என்ற அறிவிப்பை அவள் ஒருநாள் ஆபீஸ் பஸ்ஸில் கைப்பேசியில் பார்த்தாள். விரலால் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனாள். அப்பாவிடம் சொல்லாவிட்டால் தெரியப்போவதில்லை என்றும் நினைத்தாள்.

அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் மாலுக்குத் தனியாகப் போய், கவுண்டரில் நின்று இரண்டு டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து, அவள் முன்னால் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். முகம் கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்போல இருந்தது.

"தமிழ்லயே விட்டிருக்கான் பாப்பா. டப்பிங். இனிமே நீ கஷ்டப்பட வாணாம். பேசிப் பேசி ஒனக்கும் தொண்டை வத்திப் போச்சு. சும்மா உக்காந்து பாரு."

வீணாவின் சலிப்பை இத்தனை நாள் அவர் தொண்டை வலி என்று எடுத்துக்கொண்டிருந்தார். அது ஒரு பக்கம். மறுபக்கம், தமிழ். படகுக்காரர் தமிழில் பேசப் போகிறார். ராஜா தமிழில் பேசப் போகிறார். ஒன்பது வயதில் அவள் சொன்னது அத்தனையும் கட்டுக்கதை என்று மூன்று மணி நேரத்தில், தெள்ளத்தெளிவாக, ஸ்பீக்கர் வைத்துச் சொல்லப் போகிறார்கள். அவள் படித்ததற்கு அவர் தானே அளந்து வைத்துக்கொண்ட ஒரே அத்தாட்சி அது.

அந்த ஞாயிறு ஆபீஸ் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். டிக்கெட்டை மாற்றிக்கொண்டு அடுத்த ஞாயிறு போகலாம் என்றார். "அப்பனும் மகளும் இன்னும் அந்தப் பேய்ப் படத்த வுடலையா" என்று உள்ளேயிருந்து முத்தம்மா கேட்டாள்.

பஸ்ஸில் போகும்போதே சொல்லிவிடுவது என்று வீணா முடிவு செய்தாள். அவளாகச் சொன்னால் சிரிப்பாகப் போய்விடும். திரையிலிருந்து தெரிந்தால் வேறு மாதிரி. ஆரம்பிக்கவும் செய்தாள்.

"ப்பா, தமிழ்ல பண்ணா கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

"தமிழ் தமிழ்தான? அதுல இன்னா வேற மாதிரி?"

"நான் சின்ன வயசுல சொன்னது..."

"நீ சொன்ன மாதிரி அவனால சொல்ல முடியுமா? அதெல்லாம் எதிர்பாக்க வாணாம்" என்று அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு, இறங்கும் இடம் வந்துவிட்டதென்று எழுந்தார்.

படம் தொடங்கியது. வழக்கம்போல அவர் காது அவள் பக்கம் சாய்ந்தது. பிறகு, தேவையில்லை என்று நினைவு வந்தவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். வீணா திரையைவிட அவரையே அதிகம் பார்த்தாள். இடைவேளைக்குச் சற்று முன்னால், ராஜாவைச் சிறைவைத்த பனிராணி படகுக்காரரைப் பிடித்துவைத்து, இந்தப் பெண் உனக்கு யார் என்று கேட்கிறாள். "எனக்கு யாருமில்லை. நான் துடுப்புப் போடுபவன். எனக்கு மகளே கிடையாது" என்றது கணீரென்று ஒரு குரல். வீணா குறுக்கே புகுந்து ஏதோ முணுமுணுத்தாள். "சும்மா இரு பாப்பா, தமிழ்லதான பேசறான்" என்றார் அய்யாவு.

விளக்கு போட்டதும் அவர் முகத்தைப் பார்த்தாள். கலக்கமே இல்லை.

"பொய் சொல்றான், பாத்தியா? சொன்னா ஆறு வத்திப் போயிடும்ல."

ஆமாம் என்று தலையாட்டினாள். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆனால் முடிவு இன்னும் பாக்கி இருந்தது.

முடிவில் பனிச்சிறை உடைந்து ராஜா வெளியே வந்தார். கைகளை விரித்து, "மகளே" என்றார். முன்வரிசையில் காலேஜ் பெண்கள் விசும்பத் தொடங்கினார்கள். அவர்கள் வயதில் அவளும் அப்படி அழுதிருக்க வேண்டிய இடம்தான். இப்போது, இந்த ராஜாவின் ஒட்டுத்தாடி சரியாக ஒட்டவில்லை என்பது மட்டும் அவள் கண்ணில் பட்டது. அய்யாவு குனிந்து, "சித்தப்பனும் மகளேன்னு கூப்புடலாம். தப்பில்ல" என்றார்.

ஆனால் அப்புறம் படகுக்காரர் செத்துப்போனார். கரையில் படுத்துக்கொண்டு, ஆரினின் கையைப் பிடித்து, "உன் அப்பாவிடம் உன்னைச் சேர்த்துவிட்டேன். என் கூலி தீர்ந்தது" என்றார். கண்ணை மூடிவிட்டார். ஆறு வற்றவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கூட்டம் எழுந்தது. அய்யாவு எழவில்லை. பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்து திரை வெள்ளையாகும்வரை உட்கார்ந்திருந்தார். இப்போது கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று வீணா நாக்கை ஈரப்படுத்திக்கொண்டாள். சொல்ல வேண்டிய வாக்கியம் தயாராக இருந்தது: எனக்கு அப்போது புரியவில்லைப்பா, நானாகச் சொன்னது.

"தப்பு பண்ணிட்டானுங்க" என்றார் அவர்.

"யாருப்பா?"

"டப்பிங் பண்ணவனுங்க. மொதல் படமே பாக்காம பேசியிருக்கானுங்க. தகப்பன்னு சொல்ல வேண்டிய எடத்துல கூலிங்கறான்." எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "வா."

எங்கே போகிறார் என்று தெரிந்ததும் அவள் பின்னாலேயே ஓடினாள். மேனேஜர் யார் என்று டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டு, கையில் வாக்கி டாக்கியோடு நின்ற இளைஞரிடம் போய்விட்டார். சட்டையில் மஞ்சுநாத் என்று பெயர்ச் சீட்டு. வணக்கம் சொல்லி, கன்னடத்தில், உங்கள் மேல் குறையில்லை, ஆனால் தமிழ்ப் பேச்சு தப்பாக வந்திருக்கிறது, உரியவர்களுக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்றார். மஞ்சுநாத் தனக்குத் தமிழ் தெரியாது என்று சிரித்தபடி சொல்லி, என்ன தப்பு என்று மரியாதைக்குக் கேட்டார்.

அய்யாவு சொன்னார். முதல் படத்திலிருந்து சொன்னார். பாப்கார்ன் வாசனைக்கு நடுவே நின்று, கைகளால் துடுப்புப் போட்டுக்கொண்டு, ஏழு படத்தையும் அவர் கன்னடத்தில் சொல்வதை வீணா கேட்டாள். அவள் காதுக்குள் ஓதியது எல்லாம் அதில் இருந்தது. அவள் ஓதாததும் இருந்தது. மகள் பிறந்த அன்றே படகுக்காரர் அவள் முகத்தைத் தண்ணீரில் பார்த்து, இனி பேச மாட்டேன் என்று ஆற்றிடம் வாக்குக் கொடுத்தாராம். ஒவ்வொரு பயணத்திலும் அவள் உட்காரும் பலகையை மட்டும் புதிதாக மாற்றுவாராம், அவளுக்குத் தெரியாமல். இதையெல்லாம் எப்போது சேர்த்துக்கொண்டார்? ஷிப்டில், கேஜும் கையுமாக உட்கார்ந்திருந்த மணி நேரங்களில் இருக்கலாம். அடுத்த காட்சிக்கு வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று கேட்டார்கள். அந்தப் படத்தை வீணா பார்த்ததே இல்லை. பார்க்க வேண்டும்போல இருந்தது.

சொல்லி முடித்தவர் மகளைக் காட்டி, சந்தேகம் இருந்தால் இவளைக் கேளுங்கள், இங்கிலீஷ் அத்தனையும் தெரியும், தப்புக் கண்டுபிடிப்பதுதான் இவள் உத்தியோகம் என்றார். மஞ்சுநாத் அவள் பக்கம் திரும்பினார்.

"ஹௌதா மேடம்?"

அப்பா அவளைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. சர்டிபிகேட்டை நீட்டிவிட்டவர்போல நிம்மதியாக நின்றார்.

"ஹௌது" என்றாள் வீணா. ஆமாம், டப்பிங் தப்பாகத்தான் இருக்கிறது, கதையே மாறிப்போயிருக்கிறது என்று கன்னடத்தில் சேர்த்துச் சொன்னாள். நின்று கேட்டவர்களில் ஒருவர், அப்படியானால் இங்கிலீஷிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவியிடம் சொன்னார். மஞ்சுநாத் தன்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, டிக்கெட் செயலியில் புகாராகப் போட்டால் மேலே போய்ச் சேரும் என்றார். அய்யாவு அவருக்கு நன்றி சொன்னார்.

திரும்பி வரும்போது, மடிவாளா நெரிசலில் பஸ் நின்றது. "செத்துட்டாரு, ஆனாலும் கடைசிவரைக்கும் சொல்லலை பாரு" என்றார் அய்யாவு. அவர் கண் ஈரமாக இருந்தது. பிறகு, "ஆபீஸ்ல எழுதற மாதிரி நல்லா எழுதிப் போடு" என்றார்.

"போடறேன்ப்பா."

வீட்டுக்கு வந்ததும் முத்தம்மாவிடம், படம் நல்ல படம், பேசினவனுங்கதான் கெடுத்துட்டானுங்க என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில், பேப்பரை மடித்து வைக்கும்போது, பதில் வந்ததா என்று கேட்பார். இன்னும் வரவில்லை என்பாள். பெரிய கம்பெனி, மெதுவாகத்தான் பார்ப்பான் என்பார். ஏழெட்டு மாதம் இப்படிப் போயிற்று. பொங்கலும் யுகாதியும் கடந்து, மழைக்காலம் பிடித்துக்கொண்ட ஒரு மத்தியானம், சாப்பிட்டுப் படுத்தார்.

காரியம் எல்லாம் முடிந்து, வீணா வேலைக்குத் திரும்பிவிட்டாள். அந்தப் புகாரை அவள் எழுதத் தொடங்கியது மெய். படத்துக்குப் போய்வந்த மறுநாளே, ஆபீஸ் பஸ்ஸில். படத்தின் பெயர், காட்சி நேரம், இரண்டு இருக்கைகளின் எண் எல்லாம் போட்டாயிற்று. என்ன குறை என்ற கேள்விக்கு, தமிழ் வசனம் தவறு என்று எழுதியிருக்கிறாள். படகுக்காரர் சொல்லியிருக்க வேண்டிய சரியான வசனம் எது என்று எழுத வேண்டிய இடம் மட்டும் நிரப்பப்படவில்லை. புகார் இன்னும் அனுப்பப்படவில்லை.